எரிமலைக் கிண்ணமும் எமது பட்டிப்பளை வனமும்

எமது கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் சில காலத்துக்கு முன் எம்மைக் காண வந்திருந்தார். வெளிநாட்டில் தொழில் புரியும் அவர், கிழக்கு ஆபிரிக்காவின் தன்சானியா நாட்டிலே எரிமலைக் கிண்ணம் ஒன்றினுள் இறங்கி வனவிலங்குகளைக் கண்டு மீண்டவர். எமது வேண்டுகோளுக்கு இணங்கி, ஒன்பதாந் தர மாணவர்க்கு அக்காட்சிகளைப் படமாகக் காட்டி விளக்கினார். சிங்கமும் வரிக்குதிரையும் ஒரே வெளியில் நிற்கக் கண்ட மாணவர் இமை கொட்டாது இருந்தனர். அவர் விடைபெற்றுச் சென்றபின் ஒருவன் எழுந்து, "சேர், நாங்களும் இப்பிடி ஒரு சபாரி போவமா?" என்று வினவினான்.

"சபாரி என்பதன் பொருள் யாது?" என யாம் எதிர்வினா விடுத்தோம். வகுப்பு வாளாவிருந்தது. சம்மாந்துறையிலிருந்து வந்து பயிலும் மாணவன் மாத்திரம் சிறிது தயங்கி, "எங்கட உம்மா பயணத்த ஸபர் எண்டுதான் சொல்லுவா. அதுவா இருக்குமோ, சேர்?" என்றான். அதுவேதான். பயணத்தைக் குறிக்கும் ‘ஸபர்’ என்னும் அரபுச்சொல், ஆபிரிக்கக் கீழைக்கரை மக்களின் சுவாகிலி மொழியிற் புகுந்து ‘சபாரி’ ஆயிற்று. பின்னர் அங்கிருந்து ஆங்கிலத்தை அடைந்து உலகெங்கும் பரவிற்று. எம்மூர் இல்லங்களில் வழங்கும் சொல்லொன்று உலகைச் சுற்றி வந்து எமது வகுப்பறையிலேயே இறங்கியதைக் கண்டு மாணவர் மகிழ்ந்தனர்.

அன்று மாணவர்க்கு யாம் கூறத் தொடங்கியதன் விரிவே இக்கட்டுரை. யாம் ஆசிரியப் பயிற்சிக் கலாசாலையிற் பயின்ற காலத்து, பாடக்குறிப்பு எழுதாமல் வகுப்பினுட் செல்லலாகாது என்று கற்பிக்கப்பட்டோம். வனவிலங்கு காணச் செல்லும் பயணமும் ஒரு பாடமே. ஆதலின் பாடக்குறிப்பின் முறையிலேயே நோக்கம், முன்னறிவு, காலம், படிமுறை, மதிப்பீடு என வகுத்து அதனை ஈண்டுக் கூறுவாம்.

நோக்கம்

விலங்கினைக் காண விரும்புவோர் இருவகைப்படுவர். தாம் சென்ற நேரத்தில், தாம் நின்ற இடத்தில், விலங்கு வந்து தோன்றவேண்டும் என எண்ணுவோர் ஒரு சாரார். விலங்கு எந்நேரம் எவ்விடத்து எதன் பொருட்டு வரும் என்பதைக் கற்று, அதற்கேற்பத் தம் பயணத்தை வகுப்போர் மற்றொரு சாரார். முன்னையோர் பெரும்பாலும் ஏமாற்றத்துடன் மீள்வர். மாணவரைப் பின்னைய வகையினர் ஆக்குதலே இப்பாடத்தின் நோக்கமாகும்.

முன்னறிவு: கொரொங்கோரோ

பழைய மாணவர் கண்ட இடத்தின் பெயர் கொரொங்கோரோ. அப்பெயரின் தொடக்கத்தில் ஙகர ஒலி ஒன்று உளது. ஙகர ஒற்று மொழிக்கு முதலில் நில்லாது என்னும் தமிழ் மரபினை ஒட்டி அதனை விடுத்து எழுதினோம்.

தன்சானியாவின் வடபகுதியில், இருபது முப்பது இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பேரெரிமலை ஒன்று நின்றது. அதன் அடியில் நிறைந்திருந்த பாறைக்குழம்பு வெளியேறவே, தாங்குவதற்கு எதுவுமின்றி மலையின் உச்சி தன் பாரத்தாலேயே உள்நோக்கிச் சரிந்தது. உச்சி இருந்தவிடத்தில் வட்டமான பெரும்பள்ளம் எஞ்சியது. இத்தகைய பள்ளத்தைப் புவியியலார் ‘கல்டெரா’ என்பர். கொரொங்கோரோவின் சுவர்கள் ஏறத்தாழ 600 மீற்றர் உயரமுடையன. அதன் தரைப்பரப்பு ஏறத்தாழ 260 சதுரக் கிலோமீற்றர். நீர் நிரம்பாமலும் சுவர் உடையாமலும் நிற்கும் கல்டெராக்களுள் உலகிற் பெரியது இதுவே.

இக்கிண்ணத்தினுள்ளே புல்வெளியும் சிறு காடும் உவர்நீர் ஏரியும் ஊற்றுக்களும் உள. ஆதலின் ஏறக்குறைய 25,000 பெருவிலங்குகள் ஆண்டு முழுவதும் அங்கு வாழ்கின்றன. வரிக்குதிரை, காட்டெருமை, காண்டாமிருகம், சிங்கம், கழுதைப்புலி என்பவற்றை ஒரே நாளிற் காணலாம். ஆயின் ஒட்டகச்சிவிங்கி அங்கு இல்லை. கிண்ணத்தின் செங்குத்தான சரிவு அதற்கு ஒவ்வாமையே காரணம் என்பர். எல்லாம் உள்ளதாகத் தோன்றும் இடத்திலும் ஒன்று இல்லாதிருக்கும் என்பதை மாணவர் குறித்துக் கொள்க.

1959ஆம் ஆண்டில் கொரொங்கோரோ, செரெங்கெற்றி தேசிய பூங்காவிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனியொரு பாதுகாப்புப் பிரதேசமாயிற்று. விலங்கும் மனிதரும் ஒருங்கு வாழ்தற்கு இடமளித்தலே அப்பிரிப்பின் கருத்து. மாடு மேய்க்கும் மசாய் மக்கள் அங்கு வாழ்ந்தனர். எனினும் 1970களில் கிண்ணத்தின் தரையிலிருந்து அவர்கள் அகற்றப்பட்டனர். 1979இல் அவ்விடம் உலக மரபுரிமைத் தலமாயிற்று. அங்கு செல்வோர் வழிகாட்டியுடன் உரிய வாகனத்திலேயே இறங்குதல் வேண்டும். இருள்முன் மேலேறல் வேண்டும். குறித்த இடங்களன்றிப் பிறவிடத்து வாகனத்தைவிட்டு இறங்கல் கூடாது. வேட்கை எத்துணையாயினும் விதி அதனை அடக்கியே நிற்கின்றது.

எமது கிண்ணம்

இனி எமது நிலத்துக்கு வருவோம். இலங்கையில் எரிமலை இல்லை. எமது மாவட்டத்தின் குன்றுகள் மிகப் பழைய உருமாறிய பாறைகளால் ஆயவை. ஆயினும், மலைசூழ்ந்த பள்ளம், நடுவே நீர், நீரைச் சுற்றி விலங்கு என்னும் அமைப்பினை நாடுவோர் கல்முனையிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர் சென்றாற் போதும். ஆபிரிக்கக் கிண்ணத்தை இயற்கை தோண்டிற்று. எமது கிண்ணத்தை மனிதன் அணையிட்டு ஆக்கினான். அவ்வளவே வேறுபாடு.

பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் தோன்றி, 108 கிலோமீற்றர் ஓடி, கல்முனைக்குத் தெற்கே கடலொடு கலக்கும் ஆற்றினைச் சிங்களத்திற் கல்லோயா என்றும் தமிழிற் பட்டிப்பளை ஆறு என்றும் வழங்குவர். 1949ஆம் ஆண்டில் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. அமெரிக்கப் பொறியியற் கம்பனியொன்றின் துணையுடன் இங்கினியாகலையில் அணை எழுந்தது. அணைக்குப் பின்னே தேங்கிய நீர்ப்பரப்புக்குச் சேனநாயக்க சமுத்திரம் எனப் பெயரிட்டனர். இலங்கையின் நீர்த்தேக்கங்களுள் இதுவே பெரிது. இதன் கொள்ளளவு 770,000 ஏக்கர் அடி. ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் நீரே ஓர் ஏக்கர் அடி. ஆகவே, 770,000 ஏக்கர் வயலில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கக்கூடிய நீர் இவ்வொரு கிண்ணத்தில் அடங்கும் என்க. நீர் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் சிறு குன்றுகள் தீவுகளாயின.

1954 பெப்ருவரி 12ஆந் திகதி இந்நீர்ப்பரப்பைச் சூழ்ந்த காடு கல்லோயா தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 25,900 ஹெக்டயர், அஃதாவது 259 சதுரக் கிலோமீற்றர். கொரொங்கோரோவின் தரைப்பரப்பும் ஏறத்தாழ இவ்வளவே என்பதை மாணவர் கணக்கிட்டுக் கண்டபோது வகுப்பில் எழுந்த ஆரவாரம் எமக்கு நினைவிருக்கின்றது.

எனினும் இரண்டுக்கும் உள்ள முக்கிய வேறுபாடொன்று உண்டு. கல்லோயா வனம் விலங்குகளின் பொருட்டு மாத்திரம் காக்கப்பட்டதன்று. சமுத்திரத்தின் நீரேந்து பரப்பைக் காத்தலே அதன் முதன்மை நோக்கம். மலைச்சரிவின் மரங்கள் அழியின், மழை மண்ணைக் கரைத்துக் கொணர்ந்து குளத்தைத் தூர்க்கும். குளம் தூர்ந்தால் சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வட்டைகளுக்கு வரும் வாய்க்கால் வற்றும். எமது வீட்டு அடுப்பிற் கொதிக்கும் சோற்றுக்கும் அவ்வனத்து யானை நிற்கும் நிழலுக்கும் உள்ள உறவு இதுவாகும். கொரொங்கோரோவைக் காணச் செல்வோன் பிறர் வீட்டு விருந்தினன். கல்லோயாவுக்குச் செல்லும் கல்முனை மாணவனோ தான் நாளும் உண்ணும் சோற்றின் ஊற்றினைக் காணச் செல்பவன்.

தமிழ் மாணவர்க்கு இங்கே இன்னுமொரு பாடம் உண்டு. கல்முனைக் கரையில் நெய்தல், சம்மாந்துறை வட்டைகளில் மருதம், இங்கினியாகலைக் காட்டில் முல்லை, அதற்கப்பாலுள்ள மலையிற் குறிஞ்சி என நானிலமும் ஒரே சாலையில் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. குறிஞ்சிக்குரியதாகக் கூறப்படும் யானை, மருதத்து எருமையொடு ஒரே கரையில் நிற்கும். நெய்தற் கருப்பொருளாகக் கூறப்படும் முதலை, முல்லை நிலத்து மானுக்காகக் காத்துக்கிடக்கும். திணைமயக்கம் என்பதை விளங்கிக்கொள்ளாத மாணவனை அக்கரையில் ஒரு நாழிகை நிறுத்தினால் உரையாசிரியர் உதவி அவனுக்கு வேண்டியதில்லை.

காலம்

பயணத்தின் வெற்றி தோல்வி பெரும்பாலும் காலத்தைப் பொறுத்தது. இதனை யாம் தவறு செய்தே கற்றோம்.

ஓராண்டு மார்கழி விடுமுறையில் நாற்பதுக்கு மேற்பட்ட மாணவரை ஒரு பேருந்தில் ஏற்றிக்கொண்டு இங்கினியாகலை சென்றோம். விடுமுறை எமக்கு வசதியாயிருந்தது. விலங்குக்கு வசதியா என எண்ணினோமில்லை. அது வாடைக்காற்று மழை பொழியும் பருவம். சமுத்திரம் விளிம்புவரை நிறைந்திருந்தது. கரையோர மரங்கள் இடுப்பளவு நீரில் நின்றன. முன்னேற்பாடு செய்யாமையாற் படகும் போதவில்லை. பாதிப்பேர் படகேற மீதிப்பேர் அணைக்கட்டில் நின்றனர். சென்றவர் கண்டது நீர்க்காகம். நின்றவர் கண்டது குரங்கு. யானை ஒன்றேனும் தோன்றவில்லை.

காரணம் எளிது. மழைக்காலத்தில் காட்டினுள்ளே ஒவ்வொரு பள்ளத்திலும் நீர் உண்டு. எங்கும் தழை உண்டு. யானை கரைக்கு வரவேண்டிய தேவை இல்லை. மழை ஓய்ந்து கச்சான் காற்று வீசத் தொடங்கக் காட்டுக் குட்டைகள் வற்றும். வயலுக்கு நீர் திறக்கச் சமுத்திரமும் தாழும். நீர் பின்வாங்கிய சேற்று நிலத்தில் இளம்புல் தளிர்க்கும். அப்பொழுது குடிநீரும் உணவும் ஒருங்கே கிடைக்குமிடம் அக்கரையேயாதலின், யானைக் கூட்டம் அங்கே இறங்கும். பங்குனி முதல் ஆடிவரை, அஃதாவது மார்ச் முதல் யூலைவரை, இங்கு செல்லுதற்கு ஏற்ற காலம் என்பது இதனாலேயே. நாளில் ஏற்ற நேரம் விடியற்காலையும் பிற்பகல் வெயில் தாழும் வேளையுமாம். உச்சிவேளையில் யானை நிழலை நாடும். நாமும் அதனையே நாடுதல் அறிவுடைமை.

சமுத்திரத்தோடு நில்லாது மாவட்டத்தின் தென்பாகத்தையும் காண விழைவோர்க்கு இரண்டிடங்கள் உள. பொத்துவிலிலிருந்து மேற்கே ஏறத்தாழ 16 கிலோமீற்றரில் லகுகலை உளது. லகுகலை, கித்துலானை, செங்கமுவை என்னும் மூன்று குளங்களைச் சூழ்ந்த 1,554 ஹெக்டயர் நிலம் 1980இல் தேசிய பூங்காவாயிற்று. அக்குளங்களில் அடர்ந்து வளரும் ‘பெரு’ என்னும் புல்லை யானைகள் விரும்பி உண்ணும். மற்றையது குமணை. 1938இல் பறவைச் சரணாலயமான அது, 1970இல் யால கிழக்குத் தேசிய பூங்காவாக விரிவுற்றது. போர்க்காலத்தில் 1985 முதல் 2003 வரை மூடப்பட்டிருந்தது. 2006இல் குமணை என்னும் பெயரைப் பெற்றது. வைகாசி, ஆனி மாதங்களில் அதன் வில்லுக்களில் நீர்ப்பறவைகள் கூடு கட்டும். உகந்தை முருகன் ஆலயத்திலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார் இக்காட்டின் ஊடாகவே செல்வர். வாகனமும் தொலைநோக்கியும் இன்றி, நீர்நிலை பார்த்துத் தங்கி, விலங்குக்கு வழிவிட்டு நடந்த எமது முன்னோரின் யாத்திரைக்கும் ‘ஸபர்’ என்ற பெயர் பொருந்தும்.

படிமுறை

முதலாவது படி அனுமதி. கல்லோயா வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆட்சிக்குட்பட்டது. செல்லவிருக்கும் தொகையினையும் நாளினையும் முன்னரே அறிவித்து, படகும் வழிகாட்டியும் உளவா என உறுதி செய்தல் வேண்டும். படகொன்றிற் சிலரே ஏறலாம். ஆதலின் மாணவர் தொகையை இருபதுக்கு மேற்படாது அமைத்தல் நன்று. அனைவரையும் அழைத்துச் செல்ல விரும்பின், இரு நாள்களாக வகுக்க. அனைவரும் சென்று ஒருவரும் காணாது மீள்வதினும் சிலர் சென்று செவ்வனே காண்பது மேல் என்பதை யாம் பட்டறிந்தோம்.

இரண்டாவது படி வழி. கல்முனையிலிருந்து காரைதீவுச் சந்தியிற் திரும்பி, சம்மாந்துறை, அம்பாறை வழியாக இங்கினியாகலை சேரலாம். அதிகாலை நான்கரைக்குப் புறப்படின் ஆறு மணி அளவில் அணையை அடையலாம். அம்பாறையை அடுத்த சாலைகளில் இருளில் யானை குறுக்கிடுதல் உண்டாதலின் சாரதி விரைதல் ஆகாது. யானை நிற்கக் கண்டால் ஒலியெழுப்பலும் ஒளி பாய்ச்சலும் கூடா. தூரத்தே நிறுத்தி, அது செல்லும்வரை பொறுத்தல் வேண்டும்.

மூன்றாவது படி பொருள். தண்ணீர்ப் போத்தல், தொப்பி, குறிப்பேடு, கிடைக்குமாயின் ஒரு தொலைநோக்கி. உடை காட்டின் நிறத்துக்கு ஒத்ததாயிருத்தல் நலம். உணவை வாழையிலையிற் கட்டுச்சோறாகவோ மூடியுள்ள பாத்திரத்திலோ கொண்டு செல்க. பொலித்தீன் எதுவும் வேண்டா. இதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவாம்.

நான்காவது படி ஒழுக்கம். படகில் உயிர்காப்பு அங்கியை அணிதல், எழுந்து நில்லாமை, உரக்கப் பேசாமை, கரையில் இறங்காமை, விலங்குக்கு உணவெறியாமை என ஐந்து விதிகளை யாம் மாணவர்க்கு மனனஞ் செய்வித்தோம். கன்றுடன் நிற்கும் யானைக்கூட்டத்தை நெருங்கும்படி படகோட்டியை வற்புறுத்துதல் பெருந்தவறு.

காண்பன

இவ்வாறு காலமும் முறையும் அறிந்து, ஒரு சித்திரை மாதத்தில் பதினெட்டு மாணவருடன் மீண்டும் சென்றோம். படகு புறப்பட்டு அரைமணி கழியுமுன் தீவொன்றின் ஓரத்தில் நீரில் ஒரு கருங்கல் அசைவதைக் கண்டோம். கல்லன்று, யானை. உடல் முழுதும் நீருள் அமிழ, துதிக்கை நுனி மாத்திரம் மேலே நிற்க, மூச்சு விட்டுக்கொண்டு அது நீந்திற்று. தீவுகளில் உள்ள புல்லை நாடிக் கல்லோயா யானைகள் இவ்வாறு நீந்திச் செல்லும் காட்சி இவ்விடத்துக்குரிய சிறப்பாகும். படகோட்டி இயந்திரத்தை நிறுத்தினார். பதினெட்டு மாணவரும் ஓசையின்றி இருந்தனர். எமது இருபதாண்டு ஆசிரியப்பணியில் அத்துணை அமைதியான வகுப்பினை யாம் கண்டதில்லை.

யானையைக் காணுமுன் அதன் பெயர்களை மாணவர் அறிதல் வேண்டும். ஆண் களிறு, பெண் பிடி, இளையது கன்று. யானையின் இளமைக்குக் குழவி என்னும் பெயரும் உரித்து எனத் தொல்காப்பிய மரபியல் கூறும். எமது பகுதியில் தந்தமுடைய ஆணைக் கொம்பன் என்றும், தந்தமில்லா ஆணை அலியன் என்றும் வழங்குவர். ஆபிரிக்க யானையில் ஆண், பெண் இரண்டுக்கும் தந்தம் உண்டு. இலங்கையிலோ ஆண்களுள்ளும் மிகச் சிலவற்றுக்கே தந்தம் உண்டு. ஆபிரிக்க யானையின் செவி பெரிது. துதிக்கை நுனியில் விரல் போன்ற உறுப்பு இரண்டு. எமது யானைக்கு அது ஒன்றே. 2011ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் இலங்கையில் 5,879 காட்டு யானைகள் உள எனக் கண்டனர். அக்கணக்கெடுப்பினையும் நீர்நிலைகளின் அருகிருந்தே நிகழ்த்தினர் என்பது மேலே யாம் கூறிய காலப் பாடத்துக்குச் சான்றாகும்.

பறவைத்தீவு என வழங்கும் பாறைத்தீவில் நீர்ப்பறவைகள் கூடுகட்டும். நீர்க்காகமும் கொக்கும் கூழைக்கடாவும் கரையோரத்தே காணப்படும். காட்டில் மரை, புள்ளிமான், காட்டெருமை, பன்றி, கரடி, சிறுத்தை என்பன உள. ஆயின் கரடியையும் சிறுத்தையையும் காண்போம் என எதிர்பார்த்துச் செல்லற்க. கொரொங்கோரோ திறந்த வெளி. கல்லோயா மறைக்கும் காடு. அங்கே கண் உழைக்கும். இங்கே பொறுமை உழைக்கும்.

மரங்களையும் நோக்குக. புல்லும் மரமும் விரவிய இதன் வெளிகளிற் கடுக்காய், தான்றி, நெல்லி மூன்றும் வளர்கின்றன. எமது பாட்டிமார் திரிபலை எனச் சூரணம் செய்வதற்கு வேண்டிய மூன்றும் ஒரே நிலத்தில் நிற்பதைக் காண்பதற்காகவே அங்கு செல்லலாம். அக்காட்டின் அயலில், இரத்துகலைப் பகுதியில், வேடர் குடிகள் வாழ்கின்றனர். 1911இல் வேடரைப் பற்றி நூல் எழுதிய செலிக்மன் இப்பகுதியின் தனிகலை வேடரையும் ஆராய்ந்தார். மசாய் மக்களைப் போன்றே, காப்பதற்கென எல்லை வகுக்கப்படும் முன்னரே காட்டைக் காத்து வாழ்ந்தவர் இவர் என்பதை மறத்தலாகாது.

மாணவர் கண்ட வேறொரு காட்சி

இதுகாறும் கூறியவற்றுடன் நிறுத்தின் இக்கட்டுரை இனிது முடியும். ஆயின் உண்மை முழுதும் கூறியதாகாது.

யானை காணாது மீண்ட அம்மார்கழிப் பயணத்தில், மாணவரின் மனவாட்டம் தீர வேறு வழியாக, இறக்காமம், அக்கரைப்பற்றுச் சாலையால் திரும்பினோம். மாலை மங்கும் வேளை. "சேர், யானை! யானை!" எனப் பேருந்தின் பின்புறத்திலிருந்து குரல் எழுந்தது. நிறுத்திப் பார்த்தோம். ஒன்பது யானைகள்; அவற்றுள் ஒன்று கன்று. அவை நின்றது புல்வெளியன்று. கரையோர ஊர்களின் குப்பை கொட்டும் மேடு. கன்று துதிக்கையால் ஒரு பையை எடுத்து உதறி, உதிராமையால் பையுடனே வாயிலிட்டது. ‘சொப்பிங் பை’ என மக்கள் வழங்கும் பொலித்தீன் பை அது. முன்னிருக்கையிலிருந்த மாணவன் தொலைநோக்கியை எம்மிடம் நீட்டி, "சேர், அந்தப் பையில எங்கட ஊர்ப் பேர் எழுதிக் கிடக்கு" என்றான். நாள் முழுதும் யானையைத் தேடிய மாணவர், கண்டபொழுது மகிழ்ந்து கூவவில்லை. வீடு சேரும்வரை பேருந்தில் ஒருவரும் பாடவுமில்லை.

எமது மாவட்டத்துப் பள்ளக்காடு என்னுமிடத்தின் குப்பைமேட்டிற் பொலித்தீன் தின்று எட்டாண்டுகளில் ஏறத்தாழ இருபது யானைகள் இறந்தன என 2022 சனவரியில் உலகச் செய்தித்தாள்கள் எழுதின. உணவின் மணம் தோய்ந்த பை யானையின் குடலிற் சென்று அடைத்துக்கொள்ளும். பின்னர் அது உண்ணவும் குடிக்கவும் இயலாது மெலிந்து விழும். நாளொன்றுக்கு 150 கிலோகிராம்வரை உண்ணும் உயிர், வயிறு நிறைந்திருக்கவே பட்டினியால் இறக்கின்றது. ஆபிரிக்கக் கிண்ணத்தின் விலங்கை அறிய ஆயிரக்கணக்கான மைல் செல்லும் நாம், எமது கைப்பை எமக்கு முன்னரே வனத்தை அடைந்துவிட்டதை அறியாதிருக்கின்றோம்.

உழவர் பக்கத்து நியாயத்தையும் கூறல் வேண்டும். யானை எமக்குக் காட்சி. வட்டையிற் பரண் கட்டிக் காவல் புரியும் உழவனுக்கு அது அச்சம். ஒரே இரவில் ஒரு போகத்தின் உழைப்பு மிதிபடும். 2023ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் 400க்கு மேற்பட்ட யானைகள் மாண்டன; 150க்கு மேற்பட்ட மனிதர் இம்மோதலில் மாண்டனர். குப்பையின் சுவை கண்ட யானை ஊரை அஞ்சாது. ஊரை அஞ்சாத யானை வயலையும் விடாது. ஆதலின் குப்பையைத் தரம்பிரித்தலும் மேட்டுக்கு வேலியிடலும் யானைக்குச் செய்யும் இரக்கம் மாத்திரமன்று. போடியாருக்கும் முல்லைக்காரருக்கும் செய்யும் காவலுமாகும்.

மதிப்பீடு

வகுப்பில் யாம் கொடுத்த பயிற்சிகளை ஈண்டுத் தருகின்றோம். பிற ஆசிரியரும் பயன்படுத்தலாம்.

1. கல்முனையிலிருந்து இங்கினியாகலைவரை படம் வரைந்து, நானிலங்களையும் அதிற் குறிக்க.
2. பட்டிப்பளை ஆற்றின் நீர் உமது ஊர் வயலை அடையும் வழியை, வட்டவிதானை ஒருவரைக் கேட்டு எழுதுக.
3. மார்கழியில் யானை கரைக்கு வாராமைக்கும் சித்திரையில் வருவதற்கும் காரணம் கூறுக.
4. கொரொங்கோரோவையும் கல்லோயாவையும் ஐந்து ஒற்றுமைகளாலும் ஐந்து வேற்றுமைகளாலும் ஒப்பிடுக.
5. ஒரு கிழமையில் உமது வீட்டினுள் வரும் பொலித்தீன் பைகளை எண்ணுக. அவை எங்கு செல்கின்றன என வினவி எழுதுக.

ஐந்தாவது வினாவுக்கு ஒரு மாணவன் எழுதிய விடையிற் கணக்கு நாற்பத்தொன்று என்றிருந்தது. மறுகிழமை அவனே வேண்டாமலே மீண்டும் எண்ணிக் கொணர்ந்தான், பதின்மூன்று. அவனுடைய தாயார் சந்தைக்குப் பன்பை கொண்டு செல்லத் தொடங்கினாராம். சித்திரைப் பயணத்துக்கு யாம் தெரிந்த பதினெட்டுப் பேருள் முதலாவதாக எழுதியது அவன் பெயரையே.

இவ்விழா மலரைக் கையிலேந்தும் பழைய மாணவர் பலர் பல நாடுகளில் வாழ்கின்றனர். கொரொங்கோரோவுக்குச் செல்லும் வாய்ப்புடையார் சென்று காண்க. கண்டு வந்து எமது மாணவர்க்குக் கூறுக. ஊருக்கு வருங்கால், பிள்ளைகளுடன் ஒரு விடியற்காலை பட்டிப்பளை வனத்துக்கும் வருக. பன்பையிற் கட்டுச்சோற்றுடன் படகுத்துறையில் யாமும் காத்திருப்போம்.